நான்காம் வேற்றுமை

இரண்டு மணி மாதிரிக்கும்
நாலு மணி மாதிரிக்கும் நடுவில்
எனக்கு இருபது கேள்விகள்.

பர்காவின் கடலை ஒரு குழாய் குடித்துக்கொண்டிருக்கிறது.
சவ்வுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்,
அந்தப் பக்கம் இன்னும் கடுத்த கடல்.
குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து
குளோரின் எவ்வளவென்று எழுதிவிட்டு
புத்தகத்தைத் திறக்கிறேன்.

மாலுமிக்குத் திசைகாட்டி என்றால்
தச்சனுக்கு எது?
மரம், உளி, மட்டக்கோல், கூலி.

உளி என்று போட்டேன். தப்பு.
உளி வேலை செய்யும்,
மட்டக்கோல் சரியா இல்லையா என்று சொல்ல மட்டும் செய்யும்.
பம்ப் பார்க்கும் யாக்கூபுக்குப் படித்துக் காட்டினேன்.
கூலி, என்றான் உடனே.
அது இல்லாவிட்டால் தச்சன்
எந்தத் திசைக்குப் போவான்?

புத்தகம் சொல்கிறது:
இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு வாக்கியம் கட்டு,
அதே வாக்கியத்தை அடுத்த ஜோடிமேல் ஏற்றிப் பார்,
தாங்கினால் அதுதான் விடை.
ஆங்கிலத்தில் கட்டினால் எனக்குப் பாதியில் சரிகிறது.
தமிழில் ஒரு 'கு' போதும்.
பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.
யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்.
பழமொழி சொன்னவர்கள் எல்லாரும்
ஒரே மூச்சில் தேறியிருப்பார்கள்,
கட்டணம் கட்ட முடிந்திருந்தால்.

நடுவில் வரும் நாலு புள்ளிகள்
அழுத்தமானி மூடியின் நாலு திருகாணிகள்.
ஒன்று தளர்ந்தாலும் முள் பொய் சொல்லும்.

மார்ச்சில் ஓர் இரவு
சொறிமீன்கள் வந்து கடல்வாயை அடைத்தன.
வாளி வாளியாய் அள்ளினோம், கண்ணாடிச் சதை.
விடியும்வரை புத்தகம் திறக்கவில்லை.
ஆனாலும் அள்ளும்போதெல்லாம் மனசு கேட்டது,
சொறிமீனுக்கு வடிகட்டி,
எனக்கு எது, எனக்கு எது என்று.

தேர்வு ருவியில், வியாழக்கிழமை.
அசல் பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும்.
அசல், ஷிபுவின் இரும்பு அலமாரியில்.
ஒரு தாள் தந்தார்:
பெயர், எண், திருப்பித் தரும் தேதி, காரணம்.
காரணத்துக்கு ஒரு விரற்கடை இடம்.

தேர்வு என்று எழுதினால்
மேல்படிப்பு என்று படிப்பார்கள்,
மேல்படிப்பு என்று படித்தால்
ராஜினாமா என்று கேட்கும்.
விதைக்கு மரம், பொறிக்கு எது?
வங்கி வேலை என்று எழுதினேன்.

ஷிபு அதைப் படித்தார்.
என் கக்கத்தில் இருந்த புத்தகத்தின் முதுகையும் படித்தார்.
"பேங்கில் ரொம்ப நேரம் ஆகுமோ?"
"ரெண்டு மணி நேரம்."
சாவியைத் திருப்பினார்.
"பென்சில் ரெண்டு கொண்டு போங்க.
பேங்கில் சீவித் தரமாட்டாங்க."

பஸ்ஸில் அதைத் திறந்து பார்த்தேன்.
ஆறு வருஷத்துக்கு முந்தைய முகம்,
செண்பகவல்லி என்று முழுப் பெயர்.
இங்கே என்னை ஷென் என்பார்கள்;
முழுமைக்குப் பகுதி, எளிய கேள்வி.
பாஸ்போர்ட்டுக்கு அலமாரி என்றால்
ஷென்னுக்கு?
அறை, ஷிப்ட், சம்பளம், பர்கா.
'மேற்கண்ட எதுவும் இல்லை' என்றொரு விருப்பம்
இந்தத் தேர்வில் கிடையாது.

முப்பத்தேழாவது கேள்வி:
நெல்லுக்கு உமி, நன்னீருக்கு எது?
மழை, கிணறு, தாகம், உவர்க்கழிவு.
இருபக்கத்து மேசைகளிலும் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
எனக்கு மூக்கிலேயே விடை வந்தது.
வட்டத்தைக் கறுப்பாக்கிய கை நிற்காமல்
ஓரத்தில் நேரத்தையும் எழுதிவிட்டது: 10.40.
அழித்தேன்.

ஞாயிறு காலை ஷிபு கேட்டார்,
பேங்கில் எவ்வளவு கிடைச்சது?
ஆறு வாரம் ஆகும் என்றேன்.
ஆமாம், பெரிய பேங்க், என்று
'பெறப்பட்டது' முத்திரையை ஊதிக் குத்தினார்
பாஸ்போர்ட்டுக்கு.
எனக்குப் பத்து மணி மாதிரி.